உடற்பயிற்சி செய்பவருக்குக் கிரீன்ஸ் பவுடர் எவ்வளவு உதவும்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் முப்பத்தைந்து வயது அன்பர் ஒருவர், எடை எழுபது கிலோ, வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் ஏழு கிலோமீட்டர் ஓடுகிறார். இரண்டு நாள் ஜிம்முக்குப் போகிறார். அவருடைய மனைவி நாள்தோறும் மாலையில் இறகுப்பந்து ஆடுகிறார். தைராய்டுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அண்மைக் காலமாக ஆட்டத்தின் பாதியிலேயே களைத்துப்போகிறார். கீரை, புல், பாசி முதலியவற்றை உலர்த்திப் பொடித்துக் கலந்து விற்கும் கிரீன்ஸ் பவுடர் ஒன்றை ஜிம் பயிற்சியாளர் பரிந்துரைத்திருக்கிறார். பத்துக் கிராம் வீதம் முப்பது ஸ்கூப் கொண்ட டப்பாவின் விலை 2,400 ரூபாய். ஒரு ஸ்கூப் குடித்தால் ஒரு நாளைக்கு வேண்டிய கீரை, காய்கறி அனைத்துக்கும் ஈடாகும், களைப்பு தீரும், பயிற்சிக்குப் பின் தசை விரைவில் தேறும் என்று சொல்லப்பட்டதாம். ஒரு டப்பா வாங்கிப் பாதி குடித்தாகிவிட்டது. தொடரலாமா என்பதே கேள்வி.

உடல்நலம் உள்ள ஒருவர் அளவோடு குடித்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் முறையாக உடற்பயிற்சி செய்கிறவருக்கு அந்தப் பயிற்சியின் பொருட்டு இது தனியாக ஒரு பயனைத் தருகிறது என்பதற்கு, நம்பி 2,400 ரூபாய் கொடுக்கும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை. இந்தப் பொடிகளைப் பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. அவற்றில் பலவும் தயாரிப்பாளர்களின் பணத்தில் நடந்தவை. நாளுக்கு 80 ரூபாய் செலவழிக்க முடிகிற வீட்டில் அதே பணத்தைச் செலவிட இதைவிட நல்ல வழிகள் உண்டு என்பது என் கருத்து. அதற்கான காரணம் ஏறக்குறைய முழுவதும் அளவு பற்றிய கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

டப்பாவின் பின்புறத்தைப் பாருங்கள். கோதுமைப்புல், பார்லிப்புல், ஸ்பைருலினா, குளோரெல்லா ஆகிய நுண்பாசிகள், முருங்கையிலை, பாலக்கீரை, நெல்லிக்காய், பீட்ரூட், அசுவகந்தா, இஞ்சி, சில வகை நன்மை செய்யும் பாக்டீரியாக்கள், செரிமான நொதிகள், இனுலின் என்ற நார்ப்பொருள், இனிப்புக்கு ஸ்டீவியா, மணமூட்டி என்று இருபது முப்பது பெயர்கள் அணிவகுத்து நிற்கும். இவ்வளவும் சேர்ந்துதான் பத்துக் கிராம். நம் நாட்டு விதிப்படி சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும்; ஆகவே பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். சில டப்பாக்களில் இனுலினோ, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ முன்வரிசையில் இருக்க, கீரைகள் வால் பகுதியில் இருக்கும். எதில் எத்தனை மில்லிகிராம் என்று பிரித்துச் சொல்லாமல், "எங்கள் தனிக் கலவை" என்று ஒரே மொத்த எடையைப் போட்டுவிடும் வழக்கமும் இத்துறையில் பரவலாக உள்ளது. அளவைச் சொல்லாத பொருளுக்குப் பயனை மட்டும் சொல்வது எப்படி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பச்சைக் கீரையில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர். ஆகவே டப்பாவில் இருப்பது முழுக்க முழுக்கக் கீரைப்பொடியே என்று வைத்துக்கொண்டாலும், பத்துக் கிராம் பொடி அதிகபட்சம் 100 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம். அதில் கீரை என்று சொல்லத்தக்கவை இரண்டு மூன்று கிராம்தான் என்றால், உங்கள் தம்ளருக்குள் விழுவது ஒரு கைப்பிடிக் கீரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2,000 கலோரி உண்பவருக்குக் கீரையும் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி என்று குறிப்பிட்டிருக்கிறது. ஒரு ஸ்கூப் இதற்கு ஈடாகும் என்ற பேச்சு கணக்கில் நிற்காது. நார்ச்சத்திலும் அப்படியே. முருங்கைக்கீரை 100 கிராமில் ஏறத்தாழ எட்டுக் கிராம் நார்ச்சத்து, ஆறு கிராம் புரதம், 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கின்றன. ஒரு ஸ்கூப் பொடியில் நார்ச்சத்து பொதுவாக ஓரிரு கிராம்தான்.

இனி, கீரைக்கும் ஓட்டத்துக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டா என்றால், உண்டு. இந்தப் பொடிகளை விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது வேடிக்கை. கீரைகளிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் என்ற உப்பு மிகுதியாக இருக்கிறது. நாம் உண்ட நைட்ரேட்டின் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து உமிழ்நீருக்கு வருகிறது. நாவில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதை விழுங்கிய பின் உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, தசைகள் குறைந்த ஆக்சிஜனில் அதே வேலையைச் செய்கின்றன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தினர் 2007-இல் இந்த ஆக்சிஜன் சிக்கனத்தைச் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் கண்டார்கள். 2009-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் நாளுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தபோது, கடுமையான பயிற்சியில் களைத்து நிறுத்தும் வரையான நேரம் சுமார் 16 விழுக்காடு நீண்டது. இதைப் படித்துவிட்டு ஏழு கிலோமீட்டரை 16 விழுக்காடு வேகமாக ஓடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். களைக்கும் வரை தாங்கும் நேரம் வேறு, குறித்த தூரத்தைக் கடக்கும் நேரம் வேறு. பந்தய நேரத்தில் கிடைக்கும் இலாபம் ஓரிரு விழுக்காடுதான், பல்லாண்டு பயின்ற வீரர்களுக்கு அதுவும் குறைவு. ஆயினும் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆற்றலை நேரடியாகக் கூட்டும் என்று போதிய சான்று உள்ளவையாக ஏற்றுக்கொண்ட மிகச் சிலவற்றுள் காஃபின், கிரியேட்டின் ஆகியவற்றோடு நைட்ரேட்டும் ஒன்று.

அந்த ஒலிம்பிக் அறிக்கையில் சொல்லப்பட்ட நைட்ரேட் அளவு 310 முதல் 560 மில்லிகிராம், பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன். பாலக்கீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவிலோ அதற்கு மேலோ நைட்ரேட் இருப்பது வழக்கம். மண்ணையும் உரத்தையும் வெயிலையும் பொறுத்து இது மாறும். ஆக, நன்றாக ஆய்ந்த ஒரு கட்டு அரைக்கீரை இந்த அளவைத் தொட்டுவிடும். இரண்டு கிராம் கீரைப்பொடி கொண்ட ஸ்கூப்பில் 40, 50 மில்லிகிராம் இருந்தால் பெரிது.

சமையலில் ஒரு நுட்பம் இருக்கிறது. நைட்ரேட் நீரில் கரைவது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குப் போய்விடும். வேகவைத்த நீரோடு மத்தால் கடைந்து செய்யும் நம் வீட்டு மசியலில் அது தங்கிவிடுகிறது. ஆனால் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட்டும் நீரில் கரைவதுதான். கல் வந்தவர்கள் வடித்துக் கொட்டுவதே நல்லது. இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது, யாருக்கு எது தேவையோ அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, கிருமிகளைக் கொல்லும் மவுத்வாஷால் நாள்தோறும் வாய் கொப்பளிப்பவர்களுக்கு நாவின் பாக்டீரியாக்கள் அழிவதால் இந்த மாற்றம் சரிவர நடப்பதில்லை.

இரவில் கீரை ஆகாது என்பது நம் பக்கத்து வழக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுகிற உங்களுக்கு அது சற்று இடைஞ்சல்தான். நாள்தோறும் உண்பதால் வரும் பொதுப் பயனோடு நீங்கள் நிறைவடைய வேண்டியிருக்கும். உங்கள் மனைவிக்கோ மதியம் இரண்டு மணிக்குக் கீரை மசியல், ஐந்து மணிக்கு இறகுப்பந்து என்று நேரம் தானாகவே பொருந்தி வருகிறது.

அடுத்தது, தசை விரைவில் தேறும் என்ற பேச்சு. இதற்கு ஆதாரமாக ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லைக் காட்டுவார்கள். கடும் பயிற்சியின்போது தசையில் உருவாகும் ஆக்சிஜன் எச்சங்களை அழித்துவிட்டால் தசை பிழைக்கும் என்பது பழைய எண்ணம். அந்த எச்சங்களே, "இன்னும் வலுப்பெறு" என்று தசைக்குச் சொல்லும் செய்தியாகவும் பயன்படுகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. ஜெர்மனியில் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியின்போது நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் வரவேண்டிய முன்னேற்றம், அதாவது இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்ப்பது, தடைப்பட்டது. எடுக்காதவர்களுக்கு அது கிடைத்தது. 2014-இல் நார்வேயில் பதினொரு வாரம் நடந்த ஆய்விலும், மிகுதியான வைட்டமின் சி, இ எடுத்தவர்களின் தசையில், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வளர்ச்சிக்குரிய அடையாளங்கள் மட்டுப்பட்டிருந்தன; ஓட்டத் திறனில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. உங்கள் டப்பாவில் இவ்வளவு இருக்காது. ஆனால் மல்டிவைட்டமின் மாத்திரை, எலுமிச்சைச் சுவையுள்ள வைட்டமின் சி மாத்திரை, அதற்கு மேல் வைட்டமின் ஏற்றிய கிரீன்ஸ் பவுடர் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்பவர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் கூட்டிப் பார்ப்பது நல்லது. காய்கறியாக, பழமாக உண்பதில் இந்தக் கவலை இல்லை.

ஸ்பைருலினாவைப் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் நம் பகுதிக்கு அது அந்நியம் அன்று. ஆரோவில்லில் பல ஆண்டுகளாக அதை வளர்த்து விற்கிறார்கள். அதன் எடையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் புரதம் என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்கூப் கலவையில் அது ஒரு கிராமோ இரண்டு கிராமோ இருந்தால் கிடைக்கும் புரதமும் ஒரு கிராம் அளவுதான்; ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. சைவ உணவினர் பலர் பி12 சத்துக்காக ஸ்பைருலினாவை நம்புகிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். அதை நம்பி உண்மையான பி12 குறைபாட்டைக் கவனியாமல் விட்டவர்கள் உண்டு.

உங்களைப் போன்ற ஒருவருக்குக் குறைபடக்கூடியவை எவை என்று பார்த்தால், அவற்றில் எதுவும் இந்த டப்பாவில் போதிய அளவு இல்லை. எழுபது கிலோ எடையுள்ளவர் ஏழு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 490 கலோரி செலவாகிறது. ஒரு ஸ்கூப் தருவது முப்பது நாற்பது கலோரி. அமெரிக்க, கனடிய உணவியல் அமைப்புகளும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2016-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி, பயிற்சி செய்பவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். உங்கள் கணக்கில் அது குறைந்தது 84 கிராம். ஸ்கூப்பில் இரண்டு கிராம். கடலூர் முதுநகரில் காலையில் வந்து இறங்கும் மத்தியும் நெத்திலியும் 100 கிராமுக்கு இருபது கிராம் அளவில் புரதம் தருகின்றன. மீன் உண்ணாத வீட்டில் வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், பயறு, தயிர் ஆகியவை இருக்கின்றன. கடலோரப் புழுக்கத்தில் ஓடி முடிக்கும்போது சட்டையைப் பிழியும்படி வியர்க்கிறதே, அந்த வியர்வையோடு போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். ஒரு சொம்பு உப்பு போட்ட நீர்மோரோ மோர் கலந்த கேழ்வரகுக் கூழோ அதை ஈடுசெய்யும். காலையில் கிரீன்ஸ் பவுடர் குடித்ததும் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பலர் சொல்வதை நான் பொய் என்று தள்ளவில்லை. இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காத உடலுக்குள் முந்நூறு மில்லி தண்ணீர் போனாலே அப்படித்தான் இருக்கும். சில கலவைகளில் பச்சைத் தேயிலைச் சாறு இருக்கிறது. அதில் உள்ள காஃபினும் தன் பங்கைச் செய்யும்.

உங்கள் மனைவியின் களைப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மாதவிலக்கில் இரும்பு போகிறது. முறையாகக் கடும் பயிற்சி செய்பவருக்கு வியர்வையிலும் சிறிது போகிறது. பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடுவதால் குடல் இரும்பை உறிஞ்சுவதும் மட்டுப்படுகிறது. கீரையில் இரும்பு இருந்தாலும் உடலில் சேர்வது குறைவு; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். குறைபாடு வந்துவிட்டவருக்குக் கீரையாலும் நேராக்க முடியாது, கீரைப்பொடியால் அறவே முடியாது. மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் இரும்பு மாத்திரைதான் வழி. ஆகவே அடுத்த டப்பாவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையின் அளவு போதாமையும் இதே களைப்பைத் தரும். ஃபெரிட்டின் பார்க்காமல் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு இரும்பு வற்றிப்போயிருப்பது உண்டு.

யார் யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பார்கள். கீரைப்பொடியில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குலைக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் சிறுநீரகச் செயல் குறைந்தவர்களும் தொடக்கூடாது. பச்சைக் கீரைச் சாற்றை நாள்தோறும் மிகுதியாகக் குடித்து ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பச்சைத் தேயிலைச் சாறு செறிவாக உள்ள கலவைகள் கல்லீரலுக்கு ஆகாமல் போகலாம், அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. இனுலின் மிகுந்த கலவையைக் குடித்துவிட்டு ஓடினால் வயிறு உப்பும், வழியிலேயே கழிப்பறை தேட வேண்டிவரும். மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகிற பிள்ளைகள் இதைவிட மிகக் கவனமாக இருக்க வேண்டும்: ஊக்கமருந்து விதிகளின்படி, உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் அது எப்படி வந்தது என்றாலும் பொறுப்பு வீரருடையதே. டப்பாவில் கலந்திருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) வெளி ஆய்வகத்தில் சோதித்த சான்று இல்லாத எந்தப் பொடியும் அவர்களுக்கு வேண்டாம்.

பயன்படவே படாதா என்றால், சிலருக்குப் படலாம். விடுதிச் சாப்பாட்டில் வாரக்கணக்கில் பச்சையே பார்க்காத மாணவர், சிப்காட்டிலோ நெய்வேலியிலோ இரவுப் பணி செய்து கிடைத்ததை உண்பவர், மாதத்தில் இருபது நாள் ரயிலிலும் ஓட்டலிலும் கழிப்பவர் ஆகியோருக்கு ஒன்றும் இல்லாததற்கு இது மேல். அப்படி வாங்குகிறவர்கள் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கிறதா, ஒவ்வொரு சேர்மானத்துக்கும் அளவு தரப்பட்டிருக்கிறதா, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கான சோதனை அறிக்கையைக் கேட்டால் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். இலைகளும் பாசிகளும் மண்ணிலும் நீரிலும் உள்ள உலோகங்களை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை; உலர்த்தும்போது அவையும் செறிவாகின்றன. உரிம எண் இருப்பது அந்நிறுவனம் பதிவில் உள்ளது என்பதற்குத்தான் சான்று, பொடி வேலை செய்யும் என்பதற்கு அன்று.

உங்கள் வீட்டில் கீரை ஆய உட்காருவதற்கு நேரம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மையான தடை இதுதான் என்று நினைக்கிறேன்; பொடி விற்பனையாவதும் இதனால்தான். கடலூர் உழவர் சந்தையிலோ, புதுச்சேரிக்குப் போகும் நாளில் பெரிய மார்க்கெட்டிலோ இரண்டு மூன்று வகைக் கீரையாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆய்ந்து, கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். முருங்கைக்கீரையை மாலையில் துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்து கிடக்கும். பருப்பு வேகும்போது ஒரு கை அள்ளிப் போடுவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. கீரை இல்லாத நாளில் பீட்ரூட் பொரியல், வெண்டைக்காய், அவரை என்று எதுவாக இருந்தாலும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவைவிட இரண்டு மடங்கு தட்டில் இருந்தால் போதும்.

மீதமுள்ள அரை டப்பாவைக் கொட்டிவிட வேண்டியதில்லை. நீங்கள் மதிய உணவோடு குடித்துத் தீர்த்துவிடலாம். உங்கள் மனைவி மட்டும் அதைக் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடித்துவந்தால் இன்றே நிறுத்திவிட வேண்டும். அம்மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் உள்ளே போக வேண்டியது. பொடியில் உள்ள கால்சியமும் இரும்பும் நாரும் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதுவரை அப்படிக் குடித்துவந்திருந்தால் இப்போது எடுக்கும் டி.எஸ்.எச். அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதைப் பார்த்து மாத்திரையின் அளவை உயர்த்துவதற்கு முன், பொடி குடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்திய ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ள அவரே சொல்வார்.